உயிர் பிழைச்சாச்சுல்ல?

“உயிர் பிழைச்சதே பெருசு, கால்தானே?” என் கோபமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வாய் வருவதில்லை.

எனக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். அதைப் போக்கிய மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. அதே செடிக்கு நம்ம ஊரில் சுடுகாட்டுப் பூ என்றும் பேர் உண்டு. செல் இரண்டாகப் பிரிய அதற்குள் நுண்குழல்கள் வேண்டும். இந்த மருந்து அவற்றைக் கட்டவிடாது. புற்றுச்செல் சாகிறது. ஆனால் நரம்பிழை நெடுகச் சரக்கு போவதும் அதே மாதிரிக் குழல்கள் வழியாகத்தான். நீளமான நரம்புதான் முதலில் அடிவாங்கும். பாதம், அப்புறம் கைவிரல்.

செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தேன். சட்டைப் பொத்தான் கைக்குச் சிக்கவில்லை. சொன்னேன். “கீமோன்னா அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். ஒருநாள் படியில் முன்பாதத்தைத் தூக்க முடியாமல் விழுந்தேன். அப்போதுதான் “இது அபூர்வம்” என்றார்கள்.

எது அபூர்வம்? விரல் மரத்துப்போவது இந்த மருந்தில் சகஜம். பாதம் தொங்கிப்போகும் அளவுக்கு முற்றுவதுதான் அபூர்வம். சகஜமானதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், அபூர்வமானது எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்?

“உயிரைப் பார்க்கிறதா, நரம்பைப் பார்க்கிறதா?” என்று கேட்பீர்கள். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதனால்தான் இருக்கிறேன். ஆனால் 1963-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. நரம்பைத் தொடும் என்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பரம்பரை நரம்பு நோய் இருப்பவருக்குச் சேதம் கடுமையாகலாம். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து சேர்ந்தால் நச்சு கூடும். தேவைப்பட்டால் அளவைக் குறைக்கலாம், ஊசியைத் தள்ளிப்போடலாம். பிசியோதெரபியைச் சீக்கிரமே தொடங்கலாம். இதற்கெல்லாம் முதல் படி இரண்டே கேள்வி: “குதிகாலில் நடக்க முடியுதா? பொத்தான் போட முடியுதா?” ஒரு நிமிஷம் ஆகுமா?

நம் சினிமாவில் ரத்தப் புற்றுநோய் வந்தவர் அழகாக இருமிச் சாவார். வெளியில் பிழைத்து வந்தால் ‘போராளி’ என்று பட்டம் கொடுக்கிறோம். போராளி கால் வலிக்குதுன்னு சொல்லக்கூடாதாம். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம். நன்றியோடுதான் இருக்கிறேன். நன்றியும் புகாரும் ஒரே வாயில் இருக்கலாம்.

அடுத்த தடவை பிழைத்து வந்த ஒருவரைப் பார்த்தால் “கால் எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை இருங்கள்.