ஓவியர் காட்டாத சூனியக்காரன்

அலாவுதீன் கதையை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. விளக்கைத் தேய்த்தவுடன் புகையாய்க் கிளம்பிக் கைகட்டி நிற்கும் ஜின்னின் உருவம், எழுத்தறியும் முன்பே பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதைப் பதித்தது கதையன்று, ஓவியம்.

அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்பவர் 1709-ஆம் ஆண்டு பாரிஸில் கூறக் கேட்டு, பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் 1712-இல் தமது ‘ஆயிரத்தொரு இரவுகள்’ வரிசையில் சேர்த்த கதை இது. அவர் எழுதியதில் விளக்கின் ஜின் புகையாய் வருவதில்லை. புகை, மீனவன் வலையில் சிக்கிய குடத்தின் கதைக்குரியது. மூன்று வரம் என்னும் கணக்கும் அங்கில்லை.

பின்னர் இங்கிலாந்தில் வால்டர் கிரேன் 1875-இல் இதனைச் சிறுவர்க்கான வண்ணப் படநூலாக்கினார். 1907-இல் எட்மண்ட் டுலாக் ‘இரவு’க் கதைகளுக்குத் தீட்டிய ஓவியங்கள், அந்நாளில் வளர்ந்திருந்த மூவண்ண அச்சின் துணையால் பரிசு நூலாக வீடுகளுக்குள் புகுந்தன. டுலாக்கின் நீல வண்ண இரவுகள் அழகானவை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயின் காலப்போக்கில் படநூல்கள் சூனியக்காரனுக்கென்று ஒரு முகத்தை நிலைநாட்டிவிட்டன: கூரிய தாடி, வளைந்த மூக்கு, கொடிய பார்வை. 1992-இல் வெளிவந்த டிஸ்னி திரைப்படத்தின் ஜஃபார் அந்த வமிசத்தவனே.

கதை சொல்வதோ வேறு. மக்ரிபிலிருந்து வந்த சூனியக்காரன் சிறுவனைக் கட்டியணைத்து அழுகிறான். “உன் தந்தையின் உடன்பிறந்தவன் நான்” என்கிறான். புத்தாடை வாங்கித் தருகிறான். அவன் இறந்தபின் வரும் அவனுடைய தம்பி இன்னும் கொடியவன். ஃபாத்திமா என்னும் இறைபக்தி மிக்க மூதாட்டியைக் கொன்று, அவருடைய உடையை அணிந்து வீதியில் நடக்கிறான். மக்கள் திரண்டு வந்து அவனிடம் துஆ வேண்டுகின்றனர்! சிறுவர்க்கான நூல்கள் பலவற்றில் இப்பகுதியே இராது.

கொடிய முகத்தையே தேடப் பழகிய கண், தஸ்பீஹ் மணியும் வெள்ளுடையுமாக வாசலில் வந்து நிற்பவனை எங்ஙனம் ஐயுறும்? ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் மக்களின் கண்களையே மயக்கினர் என்று திருமறை (7:116) கூறுவது நினைக்கத்தக்கது. தாயத்துக்கும் தகட்டுக்கும் பணத்தை இழந்த குடும்பங்கள் என்னிடம் வந்து அழுததுண்டு. அவர்களை ஏய்த்தவர் எவரும் அவலட்சணமானவர் அல்லர்.

விளக்கை வைத்திருப்பவனுக்கு ஜின் அடிமை என்பதோ கதையே புகட்டிய பாடம். இறைவன் நாட்டத்தால் ஜின்கள் பணிபுரிந்தது சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு. அவர்கள் கைத்தடியில் சாய்ந்தவாறே வஃபாத்தானதை அந்த ஜின்கள் அறியவில்லை. கரையான் தடியை அரித்து உடல் சாயும்வரை உழைத்துக்கொண்டே இருந்தன (34:14). கண்முன் நிகழ்ந்த மரணத்தையே அறியாத அப்படைப்பிடம், களவுபோன நகை எங்கே என்று கேட்டுச் சொல்வதாகக் கூறித்தான் நம் மஹல்லாக்களில் இன்றும் காணிக்கை பெறுகின்றனர்.