எங்கே சென்று வந்தீர்கள்?

இத்தாலி நாட்டில், அத்ரியாத்திக் கடலுக்கு அருகே, காஸ்திலியோனே தி செர்வியா என்னும் சிற்றூர் உள்ளது. 2007ஆம் ஆண்டுக் கோடையில் அங்குப் பலர் அடுத்தடுத்துக் காய்ச்சலில் வீழ்ந்தனர். மூட்டுவலியால் நடக்கவும் இயலாது துன்புற்றனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

நலத்துறையினர் நோயுற்ற ஒவ்வொருவரின் வீட்டையும், காய்ச்சல் கண்ட நாளையும் குறித்தனர். வரைபடத்தில் இட்டபோது, புள்ளிகள் அவ்வூரிலும் அருகிலிருந்த மற்றோர் ஊரிலும் நெருங்கி நின்றன. தொடக்கத்தைத் தேடிச் சென்றபோது, ஜூன் திங்களில் கேரளத்திலிருந்து உறவினரைக் காண வந்து, அங்கே காய்ச்சலுற்ற ஒருவரிடம் அத்தேடல் நின்றது. நோய் சிக்குன்குனியா. 205 பேருக்கு அது கண்டது. முதியவர் ஒருவர் உயிர்நீத்தார்.

அந்த விருந்தினரைப் பழிக்கலாமா? கூடாது. நோயைப் பரப்பிய வரிக்கொசு 1990ஆம் ஆண்டளவிலேயே பழைய டயர்களின் வழியாக இத்தாலிக்குள் புகுந்திருந்தது. நோயும் கொசுவும் தனித்தனியே வந்து அவ்வூரில் சந்தித்தன. இக்கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. கடல் கடந்து நோயைச் சுமப்பவன், அறியாமலே, மனிதன்தான்.

எனவேதான் வரைபடம் தேவைப்படுகிறது. எத்தெருவில் மருந்து தெளிப்பது, எவ்வீட்டில் தேங்கிய நீரை அகற்றுவது என்பதை அது காட்டுகிறது. பயணிகளுக்கும் அதுவே வழிகாட்டி. நம் மறைமாவட்டங்களிலிருந்து ஆப்பிரிக்காவிற்கு மறைப்பணியாற்றச் செல்லும் குருக்களும் கன்னியரும், மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடாயின், பத்து நாள்களுக்கு முன்னரேனும் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா உள்ள நாடாயின், மருத்துவர் தரும் மாத்திரைகளை, திரும்பிய பின்னும் அவர் குறித்த நாள்வரை உட்கொள்ள வேண்டும்.

அன்பர்களே, அவ்வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் நோயாளி ஒருவரின் உண்மையான விடையால் உருவாவது. "எங்கே சென்று வந்தீர்கள்?" என மருத்துவர் வினவும்போது, ஊரார் என்ன நினைப்பரோ என்றஞ்சி நாம் மறைத்தால், அவ்விடம் வெறுமையாகிவிடும். அடுத்த வீட்டுக் குழந்தை அதற்கு விலை கொடுக்க நேரிடும். திருப்பயணமோ திருமணமோ, சென்று திரும்பியபின் காய்ச்சல் கண்டால், மாதங்கள் கடந்திருப்பினும் சென்ற ஊரைச் சொல்லுவோம். காய்ச்சலுற்ற நாள்களில் பகலிலும் கொசுவலைக்குள் இருப்போம். வாரம் ஒருமுறை தொட்டியையும் பூச்சாடியையும் கவிழ்த்து உலர்த்துவோம்.

அயலானை அன்பு செய்வது கோவிலில் மட்டும் நிகழ்வதன்று. மருத்துவரிடம் உண்மை கூறுவதிலும் அது அடங்கியுள்ளது.