சாமணமா, குறடா?

கும்பகோணத்து நகைப் பட்டறையில் ஆசாரி சாமணம் கேட்டால், பக்கத்தில் நிற்கும் பையன் குறட்டை நீட்ட மாட்டான். ஸ்பானிய மொழியில் இரண்டுக்கும் 'பின்சா' என்று சொல்லிவிடலாம். ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற அறுவைக் கருவியும் பின்சாதான். ஜெர்மன்காரர்களோ பின்செட்டே, கிளெம்மே, சாங்கே என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினில் செய்த கருவி ஜெர்மனிக்குப் போகும்போது, குறிப்பேட்டை மாற்றி எழுதுகிறவர் அகராதியை மட்டும் புரட்டினால் போதுமா?

போதாது என்பதற்கு பெர்லினில் நடந்ததே சாட்சி. அங்கே ஒரு மருத்துவமனையில் 2006, 2007-ல் 47 பேருக்கு செயற்கை மூட்டு தவறாகப் பொருத்தப்பட்டது. எலும்புச் சிமென்ட் வைத்துப் பொருத்த வேண்டிய மூட்டு அது. பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் இருந்ததை, சிமென்ட் தேவையில்லாதது என்று ஜெர்மனில் புரிந்துகொண்டுவிட்டார்கள். டாக்டர்கள் கைதேர்ந்தவர்கள், மூட்டும் நல்ல மூட்டு. கோளாறு ஒரு சொல்லில்!

அதனால் ஆள் தேடும்போது, ஸ்பானிய மொழி தெரியுமா என்று மட்டும் கேட்டால் பயனில்லை. ஜெர்மன் தாய்மொழியாக இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் எது எதற்கு என்றும் தெரிந்திருக்க வேண்டும். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட இன்னொருவரும் வேண்டும். கூலி கூடும்தான். ஆனால் வேலையை வாங்கியதும், "கருவியின் படம் இருக்கிறதா?" என்று கேட்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

மருந்தும் மொழியும் தெரிந்த ஒரே ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அதற்கு வேறு வழி கண்டார். தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலை வைத்தியம் என எல்லாத் துறை வைத்தியர்களையும் கூட்டினார். தேறிய மருந்து முறைகளைப் புலவர்கள் தமிழ்ப் பாட்டில் எழுதினார்கள். அவைதான் சரபேந்திர வைத்திய முறைகள். கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் அந்தத் தாள்கள் உண்டு. சொல்லை மட்டும் நம்பாமல், நோய் கண்ட கண்ணையும் ஓவியரை வைத்து வரையச் சொல்லியிருக்கிறார் மன்னர்.