சீறும் பூனையும் கூப்பிடும் பூனையும்

மரபுச் சொற்களைப் பற்றிய வகுப்பு பெரும்பாலும் சிரிப்போடுதான் முடியும். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று மாணவர்கள் ஒப்புவித்துக்கொண்டே வருவார்கள். பூனை என்றதும் ‘சீறும்’ என்பார்கள். பள்ளியில் அப்படித்தான் படித்து வந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “எங்க வீட்டுப் பூனை சீறாது ஐயா, கூப்பிடும்” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். அந்தப் பெண் சொன்னதன் பொருள் விளங்க, எங்கள் வீட்டில் ஒரு பூனை சாக வேண்டியிருந்தது.

பூனை சீறாது என்பதில்லை. அஞ்சும்போது சீறும்; எதிரியைத் தள்ளி நிறுத்தச் சீறும். அது பகைவரிடம் பேசும் மொழி. சங்கப் பாடல்களில் நாம் காணும் வெருகு என்னும் காட்டுப்பூனையும் பகைதான். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் மாலைநேரத்தில் வேலியோரம் வெருகு வந்ததும் வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அங்கே குரல் கோழிக்குத்தான். வெருகுக்குக் குரல் இல்லை. வேலிக்கு வெளியே நின்ற இனத்தின் உறவு ஒன்று வீட்டுக்குள் வந்து, நம் காலடியில் நின்று, நம்மைப் பார்த்து எழுப்புகின்ற அந்த ஓசைக்கு நம் மரபுப் பட்டியலில் ஒரு வினைச்சொல் இல்லை என்பது சிறிய குறையாகத் தோன்றலாம். அது வெறும் சொல் குறை மட்டுமன்று, செவியின் குறையும்கூட என்பதே நம் கருத்து.

வளர்ந்த பூனைகள் தமக்குள் பேசிக்கொள்ள ‘மியாவ்’ என்னும் ஒலியை அரிதாகவே பயன்படுத்துகின்றன. சண்டைக்கும் இணை தேடவும் அவற்றுக்கு வேறு ஒலிகள் உண்டு. மியாவ் என்பது குட்டி தன் தாயைத் தேடி எழுப்பும் குரலின் தொடர்ச்சி. பால்குடி மறந்த பின் பூனைகளுக்கிடையே அதற்கு வேலை குறைந்துவிடுகிறது. மனிதரோடு வாழும் பூனை மட்டும் அதை ஆயுள் முழுதும் வைத்துக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் மனிதரிடம் பேசுவதற்காக. தாயிடம் பேசிய மொழியை நம்மிடம் பேசுகிறது என்றால், நம்மை அது எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஒலிகளை முதன்முதலில் எழுத்தியல் நோக்கில் வகைப்படுத்தியவர்களுள் அமெரிக்காவின் மில்ட்ரெட் மோல்க் முக்கியமானவர். 1944இல் வெளிவந்த கட்டுரையில் அவர் பூனையின் ஒலிகளைப் பதினாறாகப் பிரித்தார். பிரித்த முறைதான் தமிழ் படித்தவருக்குச் சுவையானது. வாய் மூடியபடி எழுவன, திறந்த வாய் மெல்ல மூடும்போது எழுவன, வாய் திறந்தபடியே எழுவன என மூன்று வகை. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இந்த அணுகுமுறை அந்நியமாகத் தோன்றாது. கொர்கொர் ஒலி முதல்வகை, மியாவ் இரண்டாம்வகை, சீறல் மூன்றாம்வகை. நம் மரபு எடுத்துக்கொண்டது மூன்றாவதை மட்டுமே.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ, வீட்டுப்பூனையின் குரலையும் அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் குரலையும் மனிதரைக் கேட்கச் செய்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டார். வீட்டுப்பூனையின் குரலே இனிமையானது என்று கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். அது குறுகியது, சுருதி உயர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்ததில் குரலே நம் செவிக்கேற்ப மாறியிருக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாய் நன்றியுள்ளது, பூனை தன்னலமுள்ளது. சோற்றுக்குத்தானே கத்துகிறது என்பார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் காரென் மெக்கோம்ப் குழுவினர் 2009இல் காட்டியது இதுதான்: உணவு கேட்கும்போது சில பூனைகள் எழுப்பும் கொர்கொர் ஒலிக்குள் ஓர் உயர்ந்த அழுகுரல் கலந்திருக்கிறது, அதன் அதிர்வெண் மனிதக் குழந்தையின் அழுகையை ஒத்தது. பூனை வளர்த்து அறியாதவர்கூட அதில் ஓர் அவசரத்தை உணர்கிறார். சரி, சோற்றுக்குத்தான். குழந்தை அழுவது எதற்கு? பசித்து அழும் குழந்தையைத் தன்னலம் என்று நாம் சொல்வதில்லை.

தவிர, சோற்றோடு தொடர்பில்லாத பேச்சும் உண்டு. வாலைச் செங்குத்தாக உயர்த்தி வருவது நட்பு வணக்கம். பூனைகள் தமக்குள்ளும் அவ்வாறே செய்கின்றன. கண்ணைப் பாதி மூடி மெல்லத் திறப்பது இன்னொன்று. நாம் அவ்வாறு மெல்லக் கண்ணிமைத்தால் பூனையும் திரும்ப இமைக்கிறது என்றும், அப்படி இமைத்த அந்நியரின் நீட்டிய கையருகே வருவதற்குக் கூடுதலாக இசைகிறது என்றும் 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஜப்பானில் அட்சுகோ சைட்டோவும் உடன் பணியாற்றியோரும், பூனை தன் வீட்டாரின் குரலை அந்நியர் குரலிலிருந்து பிரித்தறிகிறது என்று 2013இலும், தன் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று 2019இலும் காட்டினார்கள். பெயர் சொன்னால் வருவதில்லையே என்று கேட்கலாம். காதும் தலையும் அசைகின்றன. எழுந்து வருவது அதன் விருப்பம். வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது நிமிராத மாணவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இந்தச் செய்திகளுள் நம்மை அதிகம் தைப்பது வேறொன்று. நிகாஸ்ட்ரோ 2003இல் ஓவ்ரன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பூனைகளின் குரலை ஒலிப்பதிவில் கேட்டு அது எந்தச் சூழலில் எழுந்தது என்று சொல்லும்படி கேட்டார்கள். விடைகள் குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலாக இருந்தன. பூனையோடு அதிகம் பழகியவர்கள் அதனினும் சற்று மேலாகச் சொன்னார்கள். அதாவது, எல்லாப் பூனைகளுக்கும் பொதுவான ஓர் அகராதியை நம்பி நாம் இருந்துவிட முடியாது. ஒரு பூனையும் ஒரு வீடும் சேர்ந்து பழகப் பழக உருவாக்கிக்கொள்ளும் வழக்கு அது. எந்தக் குரலுக்குக் கதவு திறந்தது, எதற்குத் தட்டு நிறைந்தது என்று பூனை கற்கிறது. எந்தக் குரல் எதற்கு என்று வீட்டார் கற்கிறார்கள். இருவருள் ஒருவர் கற்பதை நிறுத்தினால் மொழி அங்கேயே நின்றுபோகும்.

எங்கள் வீட்டில் நாங்கள்தான் நிறுத்தினோம். ஐந்து வயது நிரம்பிய ஆண் பூனை. விடைத்தாள் திருத்தும் காலம். ஓரிரவு அது மணல் தட்டுக்குப் போவதும், உட்கார்ந்துவிட்டு வெறுமனே எழுவதும், எங்களைப் பார்த்துக் கூப்பிடுவதுமாக இருந்தது. வழக்கமான குரல் அன்று. நீண்டது, அடிவயிற்றிலிருந்து வந்தது. பசி என்று எண்ணிப் பாலை வைத்தோம். தொடவில்லை. மீண்டும் கூப்பிட்டது. தொல்லை என்று அறைக்கதவைச் சாத்தினோம். மறுநாள் கட்டிலுக்கடியில் சுருண்டிருந்தது. கை வைத்தபோது கொர்கொர் என்றது. சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து கல்லூரிக்குப் புறப்பட்டோம்.

மூன்றாம் நாள் மருத்துவர் சொன்னார்: சிறுநீர்ப்பாதை அடைப்பு, ஆண் பூனைகளுக்கு வருவது, ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும், முதல் இரவே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும். கொர்கொர் என்றதே என்று கேட்டோம். பூனை இன்பத்தில் மட்டுமன்றி, வலியிலும் சாகும் தறுவாயிலும் அவ்வாறு ஒலிப்பதுண்டு என்றார். அவர் மேசையின்மேல் படுத்திருந்தபோதும் அது அந்த ஒலியை எழுப்பிக்கொண்டுதான் இருந்தது. அன்று மாலை இறந்தது.

விலங்குகளை ‘வாயில்லா ஜீவன்’ என்று பரிவோடு சொல்லிப் பழகியிருக்கிறோம். பரிவுதான், ஐயமில்லை. ஆனால் அந்தத் தொடர் நமக்கு ஒரு வசதியையும் செய்து தருகிறது: அது சொல்லவில்லை, ஆகவே நாம் அறியவில்லை. எங்கள் பூனை சொன்னது. இரவு முழுதும் சொன்னது.

தென்கலை வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று ஓர் உவமை உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை, தாயே வந்து வாயால் கவ்விச் செல்லும். உயிர் இறைவனிடம் அவ்வாறு இருக்கலாம் என்பது கருத்து. அங்கே நாம் குட்டியின் இடத்தில் இருக்கிறோம். வீட்டில் நிலை தலைகீழ். குட்டிக்குரலை விடாமல் வைத்திருக்கும் அந்த உயிருக்கு நாம் தாயின் இடத்தில் இருக்கிறோம். குட்டியால் கூப்பிட மட்டுமே முடியும். எழுந்து போவது தாயின் கடமை.

இப்போது வீட்டில் தெருவிலிருந்து வந்த பெண் பூனை ஒன்று இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கூப்பிடும். பெரும்பாலும் சோற்றுக்குத்தான். ஆனாலும் எழுந்து விளக்கைப் போட்டு, தட்டையும் மணலையும் ஒருமுறை பார்த்துவிட்டே படுக்கிறோம். மரபுச் சொல் வகுப்பில் இவ்வாண்டு, தேர்வுக்குச் ‘சீறும்’ என்று எழுதுங்கள், மதிப்பெண் உண்டு. வீட்டில் பூனை இருப்பவர்கள் ‘கூப்பிடும்’ என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள் என்றோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.