இறந்தவர்களுக்கும் ஒரு வரிசை: எய்ட்ஸ் காலத்தில் ஒரு பாட்டுக் குழு செய்தது என்ன?

ஆண்கள் மட்டும் பாடும் சேர்ந்திசைக் குழுவில் வழக்கமாக நான்கு பிரிவுகள்தான்: முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ். ஆனால், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கே ஆண்கள் சேர்ந்திசைக் குழுவில் ஐந்தாவதாக ஒரு பிரிவு உண்டு. அதில் இருக்கும் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸில் இறந்தவர்கள்.

முதல் மேடையே அஞ்சலிதான்

இந்தக் குழுவின் முதல் ஒத்திகை 1978 அக்டோபர் 30 அன்று நடந்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்த காலம் அது. அவர்களைப் பள்ளி வேலையிலிருந்து நீக்கலாமா என்று அடுத்த வாரமே கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு நடந்தது. அந்த யோசனை தோற்றது. அப்படிப்பட்ட நேரத்தில் பெயரிலேயே 'கே' என்று போட்டுக்கொண்டு வந்தது இந்தக் குழு.

நவம்பர் 27 அன்று நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும், வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான கவுன்சில் உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று இரவு ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு திரண்டார்கள். நகர மன்றத்தின் படிகளில் நின்று குழு முதன்முறையாகப் பொதுவில் பாடியது.

பிறகு வந்தது நோய்

1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலீஸில் 5 இளைஞர்களுக்கு அரிய வகை நிமோனியா வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் பதிவு அது. அதே ஆண்டில்தான் குழு 9 நகரங்களுக்குப் பயணம் போய்ப் பாடியது. குழுவை நிறுவிய ஜான் சிம்ஸ் 1984-ல் எய்ட்ஸில் இறந்தார்.

அரசு என்ன செய்தது? செய்தியாளர்கள் கேட்டு, அதிபர் ரீகன் இந்த நோய் பற்றிப் பொதுவில் பேசவே 1985 செப்டம்பர் ஆகிவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்க்க வராத குடும்பங்கள் இருந்தன. உடலை வாங்க மறுத்த இறுதிச் சடங்கு நிலையங்களும் இருந்தன.

பாடினால் நோய் போகுமா?

போகாது. ஆனால் சேர்ந்திசைக் குழு என்றால் வாரா வாரம் ஒத்திகை. யார் வரவில்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்கு உடனே தெரியும். குரல் ஏன் கம்மியது, ஆள் ஏன் இளைத்தார் என்று கவனிக்க நாலு பேர் இருந்தார்கள். நண்பர் படுத்துவிட்டால் போய்ப் பார்த்தார்கள். இறந்தால் அஞ்சலிக் கூட்டத்தில் பாடினார்கள். அடுத்த ஒத்திகைக்கு மறுபடி வந்து நின்றார்கள். காலியான இடத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார்.

1993-ல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் இதழுக்காக எரிக் லூஸ் எடுத்த படம் இந்தக் கணக்கைக் கண்முன் காட்டியது. வெள்ளை உடையில் முகம் காட்டி நின்றவர்கள் 7 பேர்: எஞ்சியிருந்த தொடக்ககால உறுப்பினர்கள். கறுப்பு உடையில் முதுகு காட்டி நின்ற 115 பேர், இறந்துபோனவர்களுக்கான அடையாளம். நோய் கொண்டுபோன உறுப்பினர்கள் மொத்தம் 250-க்கும் மேல்.

இது ஏன் இப்போதும் முக்கியம்?

உயிர் காக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாக வந்தது 1996-ல். அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் நோயாளியை வைரஸ் ஒரு பக்கம் தின்றது. ஒதுக்கிவைத்தல் மறுபக்கம் தின்றது. வைரஸுக்கு ஆய்வுக்கூடம் பதில் தேடியது. ஒதுக்கலுக்கு, பக்கத்தில் நின்று பாடியவர்கள்தான் பதில் தந்தார்கள்.

கலைக் குழு, நண்பர் வட்டம், வாராந்திரச் சந்திப்பு என்றாலே 'பொழுதுபோக்கு' என்று தள்ளிவிடுகிறோம். நெருக்கடி வரும்போது ஒருவர் காணாமல் போனதை முதலில் கவனிப்பவை இவைதான். நிதி ஒதுக்கீடு செய்பவர்களும் பொது சுகாதாரத் திட்டம் போடுபவர்களும் இவற்றைக் கடைசி வரியில் வைக்கக் கூடாது.

இன்றும் அந்தக் குழு பாடுகிறது. ஐந்தாவது பிரிவையும் அது கலைக்கவில்லை.