எத்தனை நாளையில வெளுக்கும்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த பேன்சிக் கடைக்குள்ள நுழைந்தாலும் முகக் கிரீமுக்கென்று ஒரு தட்டு இருக்கும். அதுக்கு முன்னால நின்று ‘என்ட முகம் எண்ணெய் வடியிற முகம், எது பொருந்தும்?’ என்று கேட்பவர்கள் குறைவு. ‘இது எத்தனை நாளையில வெளுக்கும்?’ என்பதுதான் வழமையான கேள்வி. எங்கட சண்டை இந்தக் கேள்வியோடுதான்.

முகத்தில் வகைகள் இருப்பது உண்மை. கண்டுபிடிக்கக் காசும் தேவையில்லை. மென்மையான சோப்பால் கழுவி, ஒன்றும் பூசாமல் அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். முகம் முழுக்க மினுங்கினால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்துச் செதிலாகினால் வறண்டது. நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் இரண்டும் கலந்தது. எதைப் பூசினாலும் எரிந்து சிவந்தால் அது உணர்திறன் கூடியது. எண்ணெய் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும். ஜெல் வகை போதும். வறண்ட முகத்துக்குக் கழுவின ஈரத்தோடு கிரீம் பூச வேண்டும், அதுவும் கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில் கட்டாயம். உணர்திறன் கூடியதுக்கு வாசனை இல்லாதது, அதையும் முதலில் கையின் உட்பக்கம் பூசிப் பார்த்த பிறகுதான். எல்லா முகத்துக்கும் பொதுவானது வெயில் காப்பு.

இதில் எங்கயாவது கறுப்பு, வெள்ளை என்ற சொல் வந்ததா? நிறம் முகத்தின் நோயே இல்லை. தோலிலுள்ள மெலனின் வெயிலுக்கு எதிரான காவல். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட, கடற்கரையில், வருசம் முழுக்க வெயிலில் வாழுற நாங்கள் காசு கொடுத்து அந்தக் காவலைக் கலைக்கிறோம்.

யார் சொல்லித் தந்தது? இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபெயார் அண்ட் லவ்லி’யை இந்தியாவில் இறக்கியது 1975இல். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்த பிறகு, 2020இல் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். சொல்லை மாற்ற 45 வருசம் எடுத்தது. அந்த 45 வருசத்தில் எங்கட உம்மாமார் தலைமுறையே ‘வெள்ளைதான் வடிவு’ என்று நம்பி வளர்ந்துவிட்டது.

இப்போது வருகிற ஆபத்து அதைவிட மோசம். பெயர் தெரியாத டப்பா, தயாரித்த இடம் இல்லை, உள்ளே என்ன இருக்கு என்ற பட்டியலும் இல்லை. இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் சீக்கிரம் வெளுக்கிறது. பிறகு தோலால் இறங்கிச் சிறுநீரகத்துக்குப் போகும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

தூரத்துக் கதை இல்லை. கேரளத்தின் மலப்புறம் எங்கட ஊர்களைப் போலவே முஸ்லிம்கள் நிறைந்த, வளைகுடாக் காசில் நிமிர்ந்த இடம். அங்கே கோட்டக்கல் வைத்தியசாலையொன்றில் 2021 யூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் அரிதான ஒரே அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள்.

மற்ற விசம் ஸ்டீரொய்ட். தோல் நோய்க்கு வைத்தியர் கணக்குப் பார்த்துத் தருகிற மருந்தை அழகுக்கென்று மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், பரு வெடிக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும்; அந்தப் பயத்திலேயே திரும்பவும் பூசுகிறார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்படாமல் தோல் வைத்தியரிடம் போங்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கட்டணம் இல்லை.

‘புள்ளைகளுக்குப் புத்தி இல்ல, கண்டதையும் பூசுதுகள்’ என்று பெரியவர்கள் ஏசுகிறார்கள். அதே பெரியவர்கள்தான் கலியாணப் பேச்சில் முதல் கேள்வியாக ‘புள்ள என்ன நிறம்?’ என்று கேட்கிறார்கள். வீடும் வேண்டும், வளவும் வேண்டும், கைக்கூலியும் வேண்டும், அதுக்கு மேல வெள்ளையும் வேண்டும். கறுத்த மாப்பிள்ளைக்கும் வெள்ளைப் பொண்ணுதான் தேடுறாங்க! பூசுகிற கையை மட்டும் குற்றம் சொல்லிப் பூசச் சொல்கிற வாயை விட்டுவிடுவது அநியாயம்.

‘அவரவர் விருப்பம்’ என்பவர்களுக்கும் ஒன்று. உள்ளே என்ன இருக்கு என்று மறைத்து விற்றால் அங்கே விருப்பத்துக்கு இடமே இல்லை. மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களுக்கு 2025ஓடு முடிவு கட்டச் சொல்லியிருக்கிறது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. 2023இல் இலங்கை, கபொன், ஜமேக்கா மூன்று நாட்டுக்குமாக 1 கோடி 40 இலட்சம் டொலர் திட்டமும் தொடங்கப்பட்டது. கொழும்பில் எழுதிய கையெழுத்து எங்கட பஸாருக்கு வர வேண்டும் என்பதுதான் எங்கட கோரிக்கை. அதிகாரிகள் பேன்சிக் கடைத் தட்டையும் சோதிக்கட்டும். பட்டியல் இல்லாத டப்பாவை வியாபாரிகள் சங்கங்கள் தாங்களே இறக்கட்டும்.

எங்களால் இன்றைக்கே முடிந்தது ஒன்று இருக்கு. அடுத்த பொண்ணு பார்க்கிற பேச்சில் ‘என்ன நிறம்?’ என்று யாராவது கேட்டால், எங்கட வீட்டு ஆம்பிளைப் பிள்ளைகள் வாய் திறந்து ‘அது எனக்குத் தேவையில்லை’ என்று சொல்ல வேண்டும்.