பிரதமர் மீது பிராது!

சென்ற திங்களில், வல்லக்கோட்டைத் தெருமுனைக் கூட்டம் முடிந்து மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டிருந்த வேளை. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளந்தோழர் ஒருவர் என்னை அணுகினார். வாயிற்கூட்டம் நடத்திய குற்றத்திற்காக அவர்மீது வழக்கு, திங்கள்தோறும் வாய்தா, வாய்தா நாளில் கூலி இல்லை. அவர் கேட்டார்: "அண்ணே, என்மேல் கேஸ் போட ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. ஒரு பிரதமர்மேல் போட எத்தனை நாள் ஆகும்? போடத்தான் முடியுமா?"

வண்டி புறப்படும் நேரத்தில் கூறிமுடிக்கும் விடையன்று அது. ஞாயிறன்று எழுதுகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

முடியும், சட்டம் தடுக்கவில்லை. குடியரசுத் தலைவருக்கும் கவர்னருக்கும் பதவியில் உள்ளவரை குற்றவழக்கு கிடையாது என்கிறது அரசியல் சட்டத்தின் 361-ஆவது பிரிவு. அந்தக் காப்புக் கவசம் பிரதமருக்கு அணிவிக்கப்படவில்லை. அணிவித்துக்கொள்ளும் முயற்சி ஒருமுறை நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஆகஸ்டில், பிரதமராக இருப்பவர்மீதும் இருந்தவர்மீதும், பதவியேற்குமுன் செய்த குற்றத்திற்குக்கூட, வழக்கே கூடாது என்று ஒரு திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது! மக்களவையில் அது நிறைவேறவில்லை, நாடு பிழைத்தது.

சட்டத்தில் வழி இருக்கிறது. அவ்வழியில் நடக்கவேண்டிய அரசாங்க வழக்கறிஞரின் கால்கள் எவரிடம் அடகு வைக்கப்பட்டுள்ளன என்பதன்றோ கேள்வி?

தொலைவில் தேடவேண்டாம். வல்லக்கோட்டையிலிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் திருப்பெரும்புதூர். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் நினைவிடம் நிற்கிறது. அந்தக் கொடுமையை எவரும் மறவார்; மாண்டவரைப் பழிப்பது நம் மரபுமன்று. எனினும் அவர் பெயரோடு பிணைந்த ஒரு வழக்கின் வரலாற்றை நினைவூட்டாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது.

1986 மார்ச்சில் சுவீடன் நாட்டுப் போபர்ஸ் நிறுவனத்திடம் ஏறத்தாழ 400 பீரங்கிகள் வாங்க 1437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். 1987 ஏப்ரல் 16-இல் சுவீடன் வானொலி, இதிலே கையூட்டு கைமாறிற்று என்றது. வழக்குப் பதிவானது எப்போது? அந்த ஆண்டிலா? அடுத்த ஆண்டிலா? இல்லை, தோழர்களே! 1989 தேர்தலில் ராஜீவ் தோற்று, வி.பி. சிங் பிரதமரான பின்னர், 1990 ஜனவரி 22-இல்! குற்றப்பத்திரிகை வந்தது எப்போது? 1999 அக்டோபர் 22-இல், வாஜ்பாயி மூன்றாம் முறை பதவியேற்ற ஒன்பதாம் நாளில்! ராஜீவின் பெயரும் அதிலே இருந்தது. மறைந்துவிட்டதால் விசாரணைக்கு அனுப்பப்படாதவர் என்ற குறிப்போடு. உயிரோடிருந்தபோது கேட்கப்படாத கேள்வி, மாண்டு எட்டாண்டுகளுக்குப்பின் கேட்கப்பட்டது. யாரைக் கேட்டனர்? கல்லறையையா?

அவர் கையூட்டுப் பெற்றதற்குச் சான்று இல்லை என்று டில்லி உயர்நீதிமன்றம் 2004 பிப்ரவரி 4-இல் தீர்ப்பளித்தது. 2005 மே மாதம் இந்துஜா சகோதரர்கள்மீதான குற்றச்சாட்டுகளும் தள்ளுபடியாயின. அப்போது ஆட்சியிலிருந்தது காங்கிரஸ் கூட்டணி, சி.பி.ஐ. மேல்முறையீடு செய்யவில்லை. 2018-இல், வேறொரு ஆட்சியில், அதே சி.பி.ஐ. விழித்தெழுந்து உச்சநீதிமன்றப் படியேறிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தாமதம் ஏற்கத்தக்கதன்று என அவ்வாண்டு நவம்பர் 2-இல் மனு தள்ளப்பட்டது.

தேதிகளை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆட்சி மாறினால் வழக்கு எழுகிறது. ஆட்சி மாறினால் வழக்கு உறங்குகிறது. இதனால் நாட்டுக்கு உண்மையும் கிடைக்கவில்லை. ராஜீவுக்கு உயிரோடிருக்கையில் களங்கம் நீங்கவுமில்லை. குற்றவாளியைத் தப்பவிடும் ஏற்பாடு என்று மட்டும் இதனைக் கருதுவோர் பாதியையே காண்கின்றனர். குற்றமற்றவரையும் இது விடுவிப்பதில்லை.

இந்திரா அம்மையாரை 1977 அக்டோபர் 3-இல் ஜனதா சர்க்கார் கைது செய்தது. மறுநாளே, ஆதாரம் இல்லை என்று மாஜிஸ்டிரேட் விடுவித்தார். நரசிம்ம ராவ் ஒருவர்தாம் 2000-இல் தண்டனை பெற்ற முன்னாள் பிரதமர். அதுவும் 2002-இல் மேல்முறையீட்டில் நீங்கிற்று.

டில்லியை மட்டும் குறை கூறினால் நமக்கு நேர்மை இல்லை. நம் தமிழகத்தில் நடந்தது என்ன? செல்வி ஜெயலலிதாமீது சொத்துக் குவிப்பு வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே 2001-இல் அவரே மீண்டும் முதலமைச்சரானார். அவருடைய அரசு அமர்த்திய வழக்கறிஞர், அவர்மீதே வழக்கு நடத்தவேண்டும்! முன்பு சாட்சியம் அளித்தவர்களில் 76 பேர் மீண்டும் கூண்டிற்கு அழைக்கப்பட்டனர், பெரும்பாலோர் பிறழ்ந்தனர், அரசுத் தரப்பு வாய்மூடி நின்றது. பேராசிரியர் அன்பழகன் மனுச்செய்ததன் பேரில், 2003 நவம்பரில் உச்சநீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அங்கே, அம்மையாரின் ஆணைக்குக் கட்டுப்படாத வழக்கறிஞர் வந்தபின்னரே வழக்கு நகர்ந்தது. 2014 செப்டம்பர் 27-இல் நான்காண்டுத் தண்டனை, 100 கோடி அபராதம். வழக்கறிஞரை அமர்த்தும் கை மாறிற்று. வழக்கின் போக்கும் மாறிற்று.

வெளிநாட்டிலே வேறு முறை உண்டு. நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அமெரிக்க அதிபரால் அவரை நீக்க முடியாது. அதனாலேயே 2024 மே மாதம் டிரம்ப் 34 குற்றங்களில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஆனால், மீண்டும் அதிபராகத் தேர்வானதும், 2025 ஜனவரியில் தண்டனை ஏதுமின்றி வழக்கு முடிக்கப்பட்டது. வாக்குக் கேட்டு வரும் வழக்கறிஞர் கைதட்டலுக்காக வழக்குத் தொடுப்பாரோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. அம்முறையை அப்படியே இறக்குமதி செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இங்கே லோக்பால் உண்டே என்பீர். 2013-இல் சட்டம், முதல் தலைவர் நியமனம் 2019-இல்! பிரதமரும் அதன் வரம்பிற்குள் அடங்குவார். ஆனால் பாதுகாப்பு, வெளியுறவு, அணுசக்தி, விண்வெளி பற்றிய புகார்களுக்கு விலக்கு. பீரங்கிப் பேரம் எந்தக் கணக்கில் சேரும்? லோக்பாலைத் தேர்ந்தெடுக்கும் குழுவிற்குத் தலைவர் யார் தெரியுமா? பிரதமர்! 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டதோ, பதவியை விட்டவர்மீது வழக்குத் தொடரவும் முன் அனுமதி வேண்டும் என்றாயிற்று.

மாநிலத்திலோ, குற்றவழக்குத் தொடர்வு இயக்ககம் உள்துறையின் ஆளுகையில் கிடக்கிறது. போலீசுக்கும் அதுவே எசமான், வழக்கறிஞருக்கும் அதுவே எசமான். 2024-இல் சுங்குவார்சத்திரத்து வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் கைதுசெய்ய எந்த முன் அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆகவே நம் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: அரசு வழக்கறிஞரை அமர்த்துவதும் நீக்குவதும் உள்துறையின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் உயர்நீதிமன்றமும் பங்குபெறும் குழுவிடம் தரப்படவேண்டும், பதவிக்காலம் உறுதியாக இருக்கவேண்டும், வழக்கைத் திரும்பப் பெறுவதாயின் காரணத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். நம் கட்சி ஆண்டாலும் இதே விதி. நமக்கு வேண்டியவர் கூண்டில் நிற்கும் நாளில் இதனைச் சொல்ல நா எழுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

வல்லக்கோட்டைக் கிளை இதனைத் தீர்மானமாக எழுதி, திருப்பெரும்புதூர்த் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பி, ஆதரிப்பீரா மறுப்பீரா என்று எழுத்தில் பதில் கேட்கட்டும். முதல் கையொப்பத்தை அந்த இளந்தோழர் இடட்டும். அடுத்த செவ்வாயன்று அவருக்கு வாய்தா; அன்று வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.